மியூசியத்துக்கு ஆயாவையும் கூட்டிப் போங்கள்

வேலூரில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஊர் சுற்றிக் காட்ட ஒரு வரிசை உண்டு. காலையில் ஸ்ரீபுரம் தங்கக் கோயில். திரும்பி வந்து கோட்டை, கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர், வெளியே அகழிக்கரையில் நாலு போட்டோ. அதற்குள் பசி வந்துவிடும், பிரியாணிக் கடையைத் தேடுவோம். இந்த வரிசையில் அருங்காட்சியகம் எங்கே என்று கேட்டால், கூட்டத்தில் யாருக்காவது வெயில் தாங்காமல் தலை சுற்றும்போது வரும். "உள்ள ஃபேன் இருக்கும், கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்" என்று சொல்லித்தான் நம்மில் பாதிப் பேர் அங்கே முதல்முறை நுழைந்திருப்போம்.

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். சாமி 1981-இல் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ராஜா மட்டும்தான் பாக்கி. ஆனால் ராஜா இல்லாததுதான் எங்கள் அருங்காட்சியகத்தின் பலம் என்று எனக்குத் தோன்றும். அங்கே இருக்கிற நல்ல பொருள்களில் பாதி, மாடு மேய்த்தவர்களும் கல்லைத் தேய்த்துக் கோடரி செய்தவர்களும் விட்டுப் போனவை. அரண்மனைச் சாமான் குறைவு. அதனால்தான் குழந்தைகளை அங்கே கூட்டிப் போகிறபோது ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்), தாத்தா என்று வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போக வேண்டும் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெண் ஆறாம் வகுப்பு, பையன் இரண்டாம் வகுப்பு. வேலூர் கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகம், சென்னை எழும்பூர், போகிற ஊர்களில் இருக்கிற சின்னச் சின்னக் காட்சிக்கூடங்கள் என்று இவர்களை இழுத்துக்கொண்டு நிறைய நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கிறேன். சிலவற்றில் பிள்ளைகள் வீட்டுக்கு வர மாட்டேன் என்று அழுதார்கள். சிலவற்றில் நுழைந்ததும் வீட்டுக்குப் போகணும் என்று அழுதார்கள்.

இரண்டாம் வகைக்கு ஓர் உதாரணம். எந்த ஊர் என்று வேண்டாம். ஏதோ ஒரு சிறப்பு நாளுக்காகக் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி. கூடத்தின் நடுவில் ஜமக்காளம் விரித்து அறுபது எழுபது பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் கண்ணாடிப் பெட்டிகளில் செப்புத் திருமேனிகள், முதுமக்கள் தாழி, பழைய துப்பாக்கி. போட்டித் தலைப்பு என்ன தெரியுமா? மழைநீர் சேகரிப்பு. எல்லாப் பிள்ளைகளும் அத்தனை பொருளுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டு வீடு, குழாய், நீலக் கோட்டில் மழை என்று வரைந்தார்கள். முடிந்ததும் டிபன் பாக்ஸ் பரிசு, குரூப் போட்டோ, பிஸ்கட். யாரும் ஒரு பெட்டியைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. இதைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தால் ஏசியாவது இருந்திருக்கும்.

இந்தச் சிறப்பு நாள்களின் தேதிகளும் நமக்குத் தோதாக இல்லை. உலக மரபு நாள் ஏப்ரல் 18. உலக அருங்காட்சியக நாள் மே 18. இரண்டும் வேறெங்கோ குளிர் விட்டு இதமாக இருக்கிற காலமாக இருக்கலாம். வேலூருக்கு மே 18 என்பது அக்னி நட்சத்திரத்தின் நட்ட நடு. கோட்டைக் கல் சுவர் உள்வாங்கின வெயில் ராத்திரி எட்டு மணிக்கும் முகத்தில் அடிக்கும். நவம்பர் 19 முதல் 25 வரை வருகிற மரபு வாரம்தான் எங்களுக்குச் சரி. மழை வந்தாலும் பரவாயில்லை, குடை இருக்கிறது. பிள்ளைகளுக்கு நடத்துகிறவர்கள் மே மாதத்தில்தான் நடத்துவோம் என்றால் காலை எட்டரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் அனுப்பிவிடட்டும்.

இப்போது முதல் வகை.

என் மாமியாருக்குச் செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம். இன்றைக்கு அது திருவண்ணாமலை மாவட்டம், நாங்கள் வேலூர் மாவட்டம். 1989 வரை எல்லாம் ஒரே வடாற்காடுதான். அதற்கும் முன்னால், 1911 வரை, மாவட்டத் தலைநகரமே சித்தூர். 2019-இல் மறுபடி பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியாகப் போய்விட்டன. என் மாமனார் கடைசிவரை கடிதத்தில் "வ.ஆ. மாவட்டம்" என்றுதான் எழுதினார். தபால் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. அந்தப் பழைய வடாற்காட்டில் எங்கே தோண்டினாலும், தோண்டாமலே வரப்போரம் பார்த்தாலும், நடுகல் இருக்கும். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் தேடித் தேடிப் படியெடுத்துப் பதிப்பித்தது. பல்லவர் காலத்துக் கல்லெல்லாம் அதில் இருக்கிறது, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி ஒன்றுக்குக் கிளம்பினோம். வீட்டில் தனியாக இருக்கப் போரடிக்கிறது என்று மாமியாரும் வந்தார். "நான் எங்கனா ஓரமா உக்காந்துக்கறேன், நீங்க பாத்துட்டு வாங்க" என்பதுதான் ஒப்பந்தம். நடுகற்கள் வைத்திருக்கிற இடத்துக்கு வந்ததும் அவர் நின்றார். செருப்பைக் கழற்றினார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கும்பிட்டார்.

"யாருடி இவர இங்க தூக்கியாந்து வச்சது?"

என் பெண்ணுக்கு ஒரே கூச்சம். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "ஆயா, அது சாமி இல்ல. சண்டையில செத்துப்போன வீரன். இங்க போர்டுல போட்டிருக்கு பாரு."

"வீரன்னாதான் சாமி. இவரு வேடியப்பன்."

அப்புறம் அவர் உட்காரவே இல்லை. ஊர்க் கோடியில் வேப்பமரத்தடியில் இதே மாதிரி கையில் வில்லோடு ஒருவர் நிற்கிறார் என்றார். மாட்டுக்குச் சீக்கு வந்தால் அவருக்குத்தான் வேண்டிக்கொள்வது, பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவது, கல்யாணப் பத்திரிகை முதலில் அவர் காலடியில்தான். கல்லில் அந்த ஆளின் உடம்பில் குத்தி நிற்கிற கோடுகளைக் காட்டி, "இது அம்பு. பாரு, நெஞ்சுல வாங்கிக்கீறாரு, முதுகுல இல்ல" என்றார். கூட வந்த வேறு குடும்பத்துப் பிள்ளைகளும் வந்து சுற்றி நின்றார்கள். நிகழ்ச்சிக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஆயா மூச்சு வாங்க நிறுத்தினபோது அவர் ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் மாடுதான் சொத்து, அடுத்த ஊரான் வந்து மந்தையை ஓட்டிக்கொண்டு போவான், மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் சேர்ந்து கல் நடும், பெயரும் அரசனின் ஆட்சியாண்டும் வெட்டும், சங்கப் பாட்டிலேயே நடுகல் வருகிறது என்றெல்லாம். அவர் சொன்னது பிள்ளைகளுக்குப் பளிச்சென்று ஏறியது. ஆயா முன்னாலேயே அந்தக் கல்லுக்கு ஒரு ஆளைக் கொடுத்துவிட்டதால்தான் ஏறியது என்பேன்.

நாய்க் கதை வந்தது அப்போதுதான். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காகச் சண்டை போட்டு இறந்திருக்கிறான். கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாய்க்குத் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்ற நாய், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று. ஆசிரியர் அந்தக் கல்லின் படத்தை ஒரு தாளில் கொண்டுவந்திருந்தார். தாள் கை மாறிக் கை மாறிக் கசங்கியது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும் என்பதை என் பையனால் நம்பவே முடியவில்லை. "அது என்ன கலரு?" என்று கேட்டான். ஆசிரியர் நேர்மையான மனிதர். "கல்லு கலர்தாம்பா தெரியுது" என்றார்.

எங்கள் தெருவில் இவ்வளவு நாள் பிரவுனி என்று அழைக்கப்பட்ட நாய் இப்போது கோவிவன். கூப்பிட்டால் திரும்புவதில்லை, பிஸ்கட் காட்டினால் திரும்புகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் என் மாமியார் இல்லை. "பெற்றோர் வெளியே காத்திருக்கவும்" என்று சொல்லியிருந்தால் அந்த அரைமணி நேரமே நடந்திருக்காது. பல இடங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். குழந்தைகளை உள்ளே விட்டுவிட்டு அம்மா அப்பா அகழி ஓரம் மரத்தடியில் போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம், "குடும்பத்தோடு வாருங்கள்" என்று அழைத்துவிட்டுப் பெரியவர்களைச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் குழந்தைகளுக்கு மட்டும் பாடம் எடுப்பதும் நடக்கிறது. விவசாயம் செய்தவர்கள், நெசவு நெய்தவர்கள், தோல் கிடங்கில் வேலை பார்த்தவர்கள் அந்த நாற்காலிகளில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஒரு இளைஞர் கல்வெட்டு என்றால் என்ன என்று பவர்பாயிண்ட் போட்டுக்கொண்டிருப்பார்.

கையால் செய்கிற வேலை ஏதாவது ஒன்று இருந்தால் பிள்ளைகள் மாறிவிடுகிறார்கள். நான் பார்த்ததில் தலைசிறந்தது கல்வெட்டு மைப்படி எடுக்கிற பயிற்சி. உண்மையான கல்வெட்டில் பிள்ளைகளைக் கை வைக்க விடக் கூடாது, விடவும் இல்லை. பயிற்சிக்கென்றே நாலு வரி எழுத்து வெட்டிய ஒரு பலகைக் கல் வைத்திருந்தார்கள். முதலில் தண்ணீர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து எழுத்துப் பள்ளத்தில் இருக்கிற மண்ணை எடுக்க வேண்டும். கனமான, தண்ணீர் உறிஞ்சுகிற தாளை நனைத்துக் கல்மேல் போர்த்த வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. அப்புறம் ஒரு பெரிய பிரஷ்ஷை எடுத்துத் தாளின் மேல் குத்திக்கொண்டே போக வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கிழியும். ஓங்கிக் குத்தினாலும் கிழியும். மெல்லக் குத்தினால் தாள் பள்ளத்துக்குள் இறங்காது. என் பெண் நாக்கை நீட்டிக்கொண்டு குத்தினாள். அவளை அவ்வளவு நேரம் வாய் பேசாமல் நான் பார்த்ததே கிடையாது.

தாள் அரை ஈரமாக இருக்கும்போது, மை தோய்த்த துணிப் பொதியால் ஒற்ற வேண்டும். மேடான இடமெல்லாம் கறுப்பாகிறது. பள்ளத்தில் இறங்கின தாளில் மை படுவதில்லை. எழுத்து மட்டும் வெள்ளையாக, வெறும் கல்லில் கண்ணுக்கே தெரியாமல் இருந்தது, மேலே எழும்பி வருகிறது. "வருது வருது" என்று ஒரு பையன் கத்தினான். அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் முழங்கை வரை மை. ஒரு அம்மா, புதுச் சட்டை என்று திட்ட ஆரம்பித்தவர், தாளைக் கல்லிலிருந்து உரித்து எடுத்தபோது போனை நீட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

மதியத்துக்கு மேல் வட்டெழுத்தில் அவரவர் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். "ஜாங்கிரி மாதிரி இருக்கு" என்றான் என் பையன். பெயர் எழுதுவது எளிது, எல்லா இடத்திலும் செய்கிறார்கள், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். மைப்படிக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், துவைக்கிற அம்மாக்களின் பொறுமை வேண்டும். அதனால்தான் அது அபூர்வம்.

கற்கோடரியும் அப்படித்தான். திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. புதிய கற்காலத்து மக்கள் குழி தோண்டி அதில் வீடு கட்டியிருந்ததும், தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகளும், கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. பெட்டிக்குள் இருக்கும்போது கோடரி ஒரு கல், அவ்வளவுதான். ஒரு மாதிரிக் கல்லைக் கையில் கொடுத்தால் கதை வேறு. ஒரு முனை உள்ளங்கையில் சரியாக உட்காரும், மறுமுனை விரலை உறுத்தும். எத்தனை நாள் தேய்த்திருப்பான் என்று பிள்ளைகளே கேட்பார்கள். ஏலகிரிப் பக்கத்தில் இந்தக் கோடரிகளைக் கண்டெடுத்தவர்கள் மரத்தடியில் வரிசையாக வைத்துப் பிள்ளையார் என்று கும்பிடுகிற இடங்கள் உண்டு. என் மாமியாருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவருக்கு ஆச்சரியம் கொள்ளில்தான். "அப்பவேவா கொள்ளு? ரசம் வச்சிருப்பாளுங்களோ?"

இனி 1806, வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி. வேலூரில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது, சொல்வதும் சுலபமில்லை. ஜூலை 10 காலையில் மக்கான் சிக்னலில் இருக்கிற நினைவுத் தூணுக்கு அதிகாரிகள் வந்து மலர் வைப்பார்கள். பத்து மணிக்கெல்லாம் வழக்கமான டிராஃபிக். பள்ளிகளில் மாறுவேடப் போட்டி. எங்கள் வீட்டுப் பையனும் ஒரு வருஷம் சிப்பாய். கண்மையால் மீசை வரைந்து அனுப்பினேன், வெயர்வையில் கரைந்து கழுத்து வரை வந்துவிட்டது. 1806-இல் சிப்பாய்களுக்கு வந்த சண்டையில் மீசை தாடிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லவில்லை.

இதைப் பாடமாக நடத்துவதைவிட ஒரு ராத்திரிக் கதையாக, கோட்டைக்குள் நின்று, வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். முந்தின வருஷம், 1805 நவம்பரில், ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் சிப்பாய்களுக்குப் புது உத்தரவு: நெற்றியில் மதக்குறி கூடாது, தாடி கூடாது, மீசை சொன்ன அளவில், தலைக்குத் தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை. மே மாதம் மறுத்தவர்களுக்குக் கசையடி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799-இல் இறந்த திப்புவின் குடும்பம் இதே கோட்டையில் காவலில் இருந்தது. ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம், அதனால் உள்ளே கூட்டம். நள்ளிரவு தாண்டி, விடிவதற்கு வெகு முன்னால், துப்பாக்கிச் சத்தம். விடியும்போது கோட்டை சிப்பாய்கள் கையில், மேலே மைசூர்க் கொடி. வெளியே இருந்த ஒரு அதிகாரி ஆற்காட்டுக்குக் குதிரையில் பறக்கிறார். அங்கே ஆங்கிலேயக் குதிரைப்படைத் தளபதி ரோலோ கில்லெஸ்பி. ஆற்காட்டிலிருந்து இங்கே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். "நாம பஸ்ல போற தூரம்தான்" என்றதும் பிள்ளைகள் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். காலை ஒன்பது மணி வாக்கில் குதிரைப்படை வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து மதிலேறியவர் கில்லெஸ்பி. பின்னாலேயே வந்த பீரங்கி கதவை உடைத்தது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது.

"தொப்பிக்காகவா சண்டை?" என்று கேட்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. தொப்பிக்காகவும்தான். சம்பளம், மரியாதை, போன ராஜ்யம், பயம் எல்லாம் அந்தத் தொப்பிக்குள் இருந்தன என்று சொல்லிவிட்டு அவர்களையே பேச விடலாம். இன்னொன்று: ஐரோப்பியர் பக்கம் செத்தவர்கள் நூற்று முப்பதுக்கு நெருக்கம், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளும் அதில் உண்டு. சிப்பாய்கள் பக்கம் முந்நூற்றைம்பதுக்குக் குறையாது, அதில் சுமார் நூறு பேரைச் சண்டை ஓய்ந்தபின் சுவரோரம் நிறுத்திப் பீரங்கியால் சுட்டார்கள். பத்து வயதுக்கு மேல் இருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மாறுவேடப் போட்டியில் இரண்டுமே வராது. என் பெண், "அப்ப அந்தக் கல்யாணப் பொண்ணு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது வரைதான் என்னால் சொல்ல முடிந்தது. அவளுக்கு அது போதவில்லை.

இலங்கையில் கண்டியை ஆண்ட ராஜாவின் கதையும் இதே கோட்டையில்தான். 1815-இல் பதவி போய், மறுவருஷம் குடும்பத்தோடு இங்கே கொண்டுவரப்பட்டு, 1832-இல் இங்கேயே இறந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவர் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை எங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி, பதினாறு வருஷம் வெளியே விடாமல் வைத்தால் நீ என்ன செய்வாய் என்று கேளுங்கள். "போன் இருக்குமா?" என்பார்கள். இருக்காது என்றதும் பலகையை வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, எங்கள் தெருப் பிள்ளைகளை வைத்து நாங்களே ஒரு நாள் செய்தோம். படிப்பகம் என்று பெயருக்கு இருக்கிற ஓர் அறையைக் கூட்டிப் பெருக்கி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பழைய பொருளும், அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஓர் ஆளும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டோம். பாக்குவெட்டி, மரக்கால், ஆழாக்கு என எதிர்பார்த்ததெல்லாம் வந்தது. ஒரு தாத்தா ஓட்டைக் காலணா கொண்டுவந்தார். யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு 1943 முதல் 1947 வரை அடித்த காசு. அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டுவார்கள் என்றார். தோல் கிடங்கில் வேலை பார்த்த ஒருவர், இரண்டு பக்கமும் பிடியுள்ள வளைந்த கத்தி ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். தோலிலிருந்து சவ்வை வழிக்கிற கத்தி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாதி மாவட்டம் அந்தக் கத்தியில் சாப்பிட்டது. மணம் இன்னும் போகவில்லை என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள், அவர் சிரித்தார்.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் பேர்ணாம்பட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த ஓர் அக்கா. அவர் கொண்டுவந்தது பீடி இலை வெட்ட வைத்துக்கொள்கிற தகரத் துண்டும் ஒரு கத்தரியும். கைக்கு அடங்குகிற, ஓரம் தேய்ந்த தகரம். நனைத்து வைத்த இலையின் மேல் தகரத்தை வைத்தார், கத்தரி ஓடியது, இலையைச் சுருட்டினார், நுனியை மடக்கினார், நூலைச் சுற்றினார். கண் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது, கை தன் பாட்டுக்கு ஓடியது. ஆறு வயதில் கற்றுக்கொண்டதாம். ஆறு வயதில் ஏன் ஸ்கூலுக்குப் போகவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டது. அக்கா அதற்கும் பதில் சொன்னார், கொஞ்சம் நீளமாகவே சொன்னார். பிள்ளைகளை வெளியே அனுப்பலாமா என்று ஒரு அப்பா என்னைப் பார்த்தார். அனுப்பவில்லை. அந்தத் தகரத் துண்டு எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இன்னும் நான் பார்க்காத பொருள். கோட்டைக்குக் கொடுக்கிற இடத்தில் கால்வாசி அதற்கும் கொடுக்கலாம்.

நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சின்னச் சின்ன விண்ணப்பங்கள். குடிதண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் இருக்கிற இடத்தில் நடத்துங்கள். பெண் பிள்ளைகளைக் கூட்டி வருகிற அம்மாக்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும், முழுக் கூடத்தையும் ஓட்டிக் காட்ட வேண்டாம். விளக்கப் பலகையை ஏழு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒன்று வையுங்கள். கட்டுரைப் போட்டியைத் தயவு செய்து விட்டுவிடுங்கள், பிள்ளைகள் பள்ளியில் தேவையான அளவு எழுதுகிறார்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை காத்திருக்க வைக்காதீர்கள். வந்தாலும் இரண்டு நிமிஷம்.

பெற்றோருக்கு ஒன்றுதான். மூட்டு வலி, படி ஏற முடியாது, அவங்களுக்கு என்ன புரியும் என்று பாட்டி தாத்தாவை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆட்டோவைக் கோட்டை உள்வரை விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். காலையில் திறந்த உடனே போனால் கூட்டம் இருக்காது, ஆயா தன் பாட்டுக்குக் கும்பிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.